கேள்வி கேட்காத வியாபாரியும் 670 கிலோ காரும்

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் வசிக்கும் எனது பல்கலைக்கழகத் தோழர் ஒருவர், 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என்னைத் தனது காரில் ஏற்றிக்கொண்டு வேல்ஸ் மலைப்பக்கம் புறப்பட்டார். பேராதனையில் நாங்கள் இருவரும் கலைப்பீடத்து மாணவர்கள். அவர் பின்னர் கணக்காளரானார், நான் பேப்பர்காரனானேன். இயந்திரங்களைப் பற்றி இருவருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆயினும் அவர் 1995இல், பள்ளி மாணவனாயிருந்த தன் மகனுடன் சேர்ந்து, வீட்டுக் கராஜில் ஒரு காரைத் தன் கையாலேயே பொருத்தி எடுத்திருந்தார். வெஸ்ற்பீல்ட் என்ற பெயருடைய கிட் கார் அது. உருக்குக் குழாய்களாலான சட்டகம், அதன்மேல் பைபர் கிளாஸ் உடல், இரண்டு இருக்கைகள். கூரையுமில்லை, கதவுமில்லை.

பாலா என்ற சிற்றூரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது ஒரு வளைவு வந்தது. வேகம் அதிகமில்லை. வளைவின் நடுவே தார் அலையலையாகப் படிந்திருந்தது. முதலாவது அலையில் கார் குதித்தது. இரண்டாவதில் எனது முதுகெலும்பு குதித்தது. மூன்றாவதில் காரின் பின்புறம் முழுவதும் பக்கவாட்டில் ஓரடி தள்ளி விழுந்தது. எதிரே வாகனம் எதுவும் வராதது எங்கள் நல்ல காலம். நண்பர் வீதியோரத்தில் காரை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "மச்சான், இதை வித்துப்போடப் போறன். இவள் இதிலை ஏறமாட்டன் எண்டு சொன்னது சரிதான்" என்றார். 'இவள்' என்றது அவரது மனைவியை.

இத்தனைக்கும் அந்தக் காருக்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் புதிய வில்களும் புதிய அதிர்வு தணிப்பான்களும் பூட்டியிருந்தார். நம்மூரில் சொக் அப்சோபர் என்று சொல்வோமே, அதைத்தான் தணிப்பான் என்கிறேன். பழையவற்றில் எண்ணெய் கசிந்து, எம்.ஓ.ரி. எனப்படும் ஆண்டுச் சோதனையில் கார் தவறிவிட்டது. உடனே ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். காரின் பெயரைச் சொன்னதும், "உங்கள் வண்டிக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது" என்று நான்கு தணிப்பான்களையும் நான்கு சிவப்பு வில்களையும் அனுப்பிவிட்டார்கள். விலை மலிவல்ல. முன்வில்லில் 400 என்றும் பின்வில்லில் 300 என்றும் அச்சிடப்பட்டிருந்தது. ஓர் அங்குலம் அமுக்குவதற்கு இத்தனை இறாத்தல் விசை தேவை என்பது அதன் பொருள். கடைக்காரர் நண்பரிடம் கேட்ட ஒரே கேள்வி கடனட்டை இலக்கம்.

எனது கட்சி இதுதான்: கிட் காரொன்றுக்கு வில்லும் தணிப்பானும் விற்பவர், அந்தக் கார் நான்கு சக்கரத்திலும் எவ்வளவு நிறுக்கிறது என்று கேட்காவிட்டால், அவரிடம் வாங்கக்கூடாது. அவரது பொருள் உலகத்திலேயே சிறந்ததாக இருக்கலாம். ஆனால் எந்தக் காருக்குச் சிறந்தது என்பது அவருக்கே தெரியாது.

டொயோட்டா வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த வில், எந்தத் தணிப்பான் என்பதைத் தொழிற்சாலையிலுள்ள பொறியியலாளர்கள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்து, உதிரிப்பாக இலக்கமொன்றையும் போட்டுவிடுகிறார்கள். இலக்கத்தைச் சொன்னால் பொருள் வரும். கிட் காரில் அப்படியல்ல. ஒருவர் போர்ட்டின் கனமான பழைய இரும்பு எஞ்சினைப் பூட்டுவார். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டுவார். எங்கள் நண்பரின் காரில் பின்னச்சின் பல்லிணைப்பெட்டி ஒரு பழைய போர்ட் சியராவிலிருந்து கழற்றியது. பெயர் ஒன்றாயினும் இரண்டு வண்டிகள் ஒன்றல்ல. பொருத்தியவர்தான் அங்கே உற்பத்தியாளர், பொறுப்பும் அவருடையதே.

இந்த வழக்கம் பிரித்தானியாவில் எப்படி வேரூன்றியது என்பதும் சுவையான கதை. முழுதாக விற்கப்படும் புதுக்காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பகுதிகளாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொண்டால் அந்த வரி இல்லை. லோட்டஸ் நிறுவனத்தின் ஸ்தாபகர் கொலின் சப்மன் 1957இல் வெளியிட்ட செவன் என்ற சிறு காரைப் பலரும் அப்படித்தான் வாங்கினார்கள். பொருத்தும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார், வாங்கியவர் அதைப் பின்னிருந்து முன்னாக வாசித்தார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973 ஏப்ரல் முதலாந் திகதி பெறுமதி சேர் வரி வந்ததும் அந்தச் சலுகை ஒழிந்தது. ஆனால் ஆசை ஒழியவில்லை. செவன் காரின் உரிமை அதே ஆண்டில் கேட்டர்ஹாமுக்குப் போனது. 1980களில் அதே சாயலில் வந்ததுதான் வெஸ்ற்பீல்ட்.

விடயத்துக்கு வருகிறேன். நண்பரின் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேயர் இருக்கிறார். கவன்ட்ரியின் கார்த் தொழிற்சாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேல்ஸிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, வேலிக்கு மேலாக இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒரு பலகையையும் குளியலறைத் தராசு ஒன்றையும் எடுத்து வந்தார். சக்கரத்தைத் தராசில் நேரே ஏற்றினால் தராசு தாங்காது. ஆகவே பலகையின் ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையைச் செங்கல்லிலும் வைத்து, நட்டநடுவில் சக்கரம் நிற்கும்படி செய்தார். தராசு காட்டுவதை இரண்டால் பெருக்கினால் அந்தச் சக்கரத்தின் சுமை வரும். மற்ற மூன்று சக்கரங்களும் அதே உயரத்தில் நிற்க அவற்றின் கீழும் பலகையும் செங்கல்லும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். சாரதி இருக்கையில் நண்பர் அமர்ந்திருந்தார். எரிபொருள் பாதித் தாங்கி.

முன் சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 160 கிலோ, பின் சக்கரம் ஒன்றுக்கு 175. மொத்தம் 670 கிலோ. சாதாரணக் குடும்பக் காரில் பாதி. இருபத்தெட்டு வருடங்களாகத் தனது கார் 800 கிலோவுக்கு மேல் என்று நண்பர் எண்ணியிருந்தார்.

அடுத்ததாக முன்புறத்து வில்லைக் கழற்றி, தணிப்பானை மட்டும் இடத்தில் வைத்து, சக்கரத்தை 50 மில்லிமீற்றர் மேலே உயர்த்தினார். தணிப்பான் சுருங்கியது 30 மில்லிமீற்றர் மாத்திரமே. இத்தகைய கார்களின் முன்புறத்தில் தணிப்பான் சரிவாக நிற்கும். அதன் அடி, சக்கரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே சக்கரம் ஒரு பங்கு ஏறினால் வில் 0.6 பங்குதான் அமுங்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நண்பரும் விழுந்தார். "அப்ப 400இன் 0.6 பங்கு, 240தானே சக்கரத்திலை?" என்றார். இல்லை. நெம்புகோலால் விசை ஒருமுறை குறைகிறது. வில் அமுங்கும் தூரமும் குறைவதால் இன்னொருமுறை குறைகிறது. ஆகவே 0.6ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும்: 0.36. சக்கரத்தில் நிற்பது 144 இறாத்தல்.

விசைக்கேற்ப வில் நீளும் அல்லது சுருங்கும் என்ற விதியை ரொபேட் ஊக் 1678இல் வெளியிட்டார். நாங்கள் பாடசாலையில் ஊக்கின் விதி என்று மனனம் செய்து மறந்தது அதுதான். அதிலிருந்து பிறப்பதே மீடிறன், அதாவது வில்லின் மேலிருக்கும் கார் தன்பாட்டில் செக்கனுக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும் என்ற எண். சாதாரணக் கார்களில் அது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்கும். வீதியில் ஓடும் விளையாட்டுக் காருக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை. இரண்டைத் தாண்டினால் அது பந்தயத் தடத்துக்குரியது.

கணக்கு இதுதான், கலைப்பீடத்துக்காரனாகிய எனக்கே விளங்கியது. சக்கரத்தின் சுமையான 160 கிலோவிலிருந்து சக்கரம், ரயர், பிறேக் போன்று வில்லுக்குக் கீழே இருப்பவற்றின் எடையைக் கழிக்க வேண்டும். முன்புறத்தில் அது 28 கிலோ, மிஞ்சுவது 132. செக்கனுக்கு 1.7 தடவை வேண்டுமென்றால் 1.7ஐ அதே எண்ணால் பெருக்கி, 132ஆல் பெருக்கி, மறுபடி 39.5ஆல் பெருக்க வேண்டும். வருவது மீற்றருக்கு 15,000 நியூற்றன் அளவு. அதை 175ஆல் பிரித்தால் அங்குலத்துக்கு 86 இறாத்தல். இது சக்கரத்தில் வேண்டியது. 0.36ஆல் பிரித்தால் வில்லில் வேண்டியது 239. கடையில் கிடைப்பது 250. கடைக்காரர் அனுப்பியதோ 400! அந்த வில்லோடு முன்புறம் செக்கனுக்கு 2.2 தடவை ஆடுகிறது.

பின்புறத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தணிப்பான் சக்கரத்தோடு ஏறக்குறைய ஒட்டியே நிற்பதால் 50 மில்லிமீற்றருக்கு 42½ மில்லிமீற்றர் சுருங்கியது. விகிதம் 0.85, இரண்டு தடவை பெருக்கினால் 0.72. வில்லுக்கு மேலுள்ள சுமை 140 கிலோ. செக்கனுக்கு 1.9 தடவை என்று வைத்துக்கொண்டால் வில் 160 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. பூட்டப்பட்டிருந்தது 300, ஆட்டம் 2.6 தடவை. வேல்ஸ் வளைவில் எங்களைத் தூக்கி எறிந்தது இந்த எண்தான்.

பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று வேகமாக ஆடவேண்டும் என்பதற்கும் காரணமுண்டு. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் தாமதமாக ஏறினாலும், வேகமாக ஆடினால் முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் மூக்கைத் தூக்கித் தூக்கி ஆடாமல் மட்டமாக அடங்கும். ரோல்ஸ் ரொய்ஸில் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸுக்குப் போன மோரிஸ் ஒலி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1930களில் இதை ஆராய்ந்து நிறுவினார். இன்றுவரை வீதிக் கார்களுக்கு அது பொருந்துகிறது.

வன்மையான வில் என்றால் வீதியை நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? குற்றத்தின் ஒரு பகுதி எங்கள் சாதிக்காரருடையது, பத்திரிகைக்காரரைச் சொல்கிறேன். மோட்டார்ச் சஞ்சிகைகளில் எழுதுவோர் பந்தயத் தடத்தில் புதுவண்டியை ஓட்டிவிட்டு, சாயவே இல்லை, கல்லைப்போல் நிற்கிறது என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். தடம் கண்ணாடிபோல் மழமழப்பானது. மழையும் பனியும் கிளப்பிய தாரும், தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடிய பள்ளமும் அங்கே கிடையாது. மேடுபள்ளமான வீதியில் ரயர் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிடிமானம். வில் வன்மையாக இருந்தால் பள்ளத்தில் சக்கரம் கீழிறங்குமுன் கார் முழுவதும் அதைத் தாண்டிவிடும். அந்தரத்தில் நிற்கும் ரயருக்குப் பிறேக்குமில்லை, ஸ்ரியரிங்குமில்லை.

சப்மனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1962இல் அவர் வெளியிட்ட எலான் 700 கிலோவுக்கும் குறைந்த பைபர் கிளாஸ் கார், கிட்டாகவும் விற்கப்பட்டது. அதன் வில்கள் மிருதுவானவை; அந்த மிருதுவைக் கட்டுக்குள் வைத்திருந்தவை நன்கு தேர்ந்த தணிப்பான்கள். மக்லாறன் எப் வண் என்ற புகழ்பெற்ற காரை வடிவமைத்த கோர்டன் மறே, எலானின் ஸ்ரியரிங்கைப் பலமுறை வெளிப்படையாகப் புகழ்ந்திருக்கிறார்.

பைபர் கிளாஸ் உடலுக்கும் இதில் பங்குண்டு. நண்பரின் காரில் சுமையைத் தாங்குவது உருக்குச் சட்டகம்தான். உடல் வெறும் போர்வை. ஆனால் அந்தப் போர்வை ஆணிகளாலும் தாங்கிகளாலும் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தகரம் அடிபட்டால் வளையும். பைபர் கிளாஸ் வளையாமல் வெடிக்கும். நான்கே மாதத்தில் முன் மட்காட்டுகளின் தாங்கிகளைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வெடிப்புகள் விழுந்திருந்தன. சிவப்புப் பூச்சில் அவை தெளிவாகத் தெரிந்தன. அதற்கு முன்பிருந்த இருபத்தேழு வருடங்களில் அவை விழவில்லை.

இனித் தணிப்பான். வில் காரைத் தாங்குகிறது. தணிப்பான் ஆட்டத்தை அடக்குகிறது. கடையில் பேச்சு முழுவதும் அதன் திருகியைப் பற்றியதாகவே இருக்கும்: இத்தனை சொடுக்கு, அத்தனை சொடுக்கு, இருந்த இடத்திலிருந்தே மாற்றலாம் என்று. உள்ளே எண்ணெய் செல்லும் வால்வு எந்த வில்லுக்காக அமைக்கப்பட்டது என்பதை எவரும் பேசமாட்டார்கள். 400 இறாத்தல் வில்லின் மீட்சியை அடக்க அமைத்த தணிப்பான் 250 இறாத்தல் வில்லைச் சிறை பிடித்துவிடும். அமுங்கிய சக்கரம் கீழிறங்க நேரமெடுக்கும்; அதற்குள் அடுத்த மேடு வரும்; மறுபடி அமுங்கும். மூன்றாவது நான்காவது மேட்டில் கார் தரையோடு ஒட்டி, அசைய இடமில்லாமல் நிற்கும். ஆகவேதான் வில்லை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய தணிப்பானையே திருகியால் சரிக்கட்டலாம் என்ற நண்பரின் யோசனையை அயலவர் ஒப்புக்கொள்ளவில்லை. திருகிக்கும் ஓர் எல்லையுண்டு. கணக்காளர் என்ற முறையில் நண்பருக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்தது. உண்மையில் அவர் வில்களைத்தான் தாராளமாக மாற்றிப் பார்த்திருக்கலாம். ஒரு சோடி வில்லின் விலை, ஒரு சோடி நல்ல தணிப்பானின் விலையில் சிறு பங்குதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லவேண்டும். இத்தகைய கார்கள் நிலத்தோடு ஒட்டி ஓடுபவை. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிதான் அடியில் மிகத் தாழ்ந்து நிற்பது. அது கல்லில் மோதி உடைந்தால் எஞ்சினே போய்விடும். ஆகவே வில் வன்மையாக இருப்பதே பாதுகாப்பு என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் உயரத்தைத் தருவதற்கு வேறு வழி இருக்கிறது. தணிப்பானின் உடலில் மரை வெட்டி, வில்லின் அடியைத் தாங்கும் வளையம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதைச் சுற்றினால் கார் உயரும். அப்படிச் சுற்றுவதால் வில் வன்மையாகிறது என்று நம்புவோர் ஏராளம். ஆகாது, 250 என்பது 250தான். பள்ளத்தில் அடியோடு அமுங்கும்போது காப்பாற்றுவது தணிப்பானின் தண்டில் கோத்திருக்கும் இறப்பர்த் தடுப்பு. கடைக்காரர் அனுப்பியவற்றில் அந்த இறப்பர் இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நீளமும் பார்க்கவேண்டும். தணிப்பான் முழுதாக நீண்டால் எவ்வளவு, முழுதாகச் சுருங்கினால் எவ்வளவு என்ற இரண்டு அளவுகளும் பழையவற்றோடு ஒத்துப்போக வேண்டும். கார் நிலத்தில் நிற்கும்போது, தணிப்பானின் மொத்த ஓட்டத்தில் மூன்றிலொரு பங்காவது சக்கரம் கீழிறங்குவதற்கென மிஞ்சியிருக்க வேண்டும். வில்லின் உட்குறுக்களவு, இரு முனைகளிலுமுள்ள துளையின் பருமன், இறப்பர் உறையின் அகலம் என்பவற்றை அளந்து எழுதிவைத்துக்கொண்டே தொலைபேசி எடுக்கவேண்டும்.

நண்பர் அப்படித்தான் செய்தார். இம்முறை மூன்று இடங்களுக்கு எடுத்தார். முதலாவது இடத்தில் காரின் பெயரைக் கேட்டதும் விலையைச் சொன்னார்கள். இரண்டாவதில், எத்தனை சொடுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு முதியவர் நான்கு சக்கரச் சுமை, தணிப்பான் சாய்வு, ரயரின் அளவு, தடத்தில் ஓட்டுவீர்களா வீதியில் ஓட்டுவீர்களா என்று இருபது நிமிடம் விசாரித்தார். முன்னுக்கு 250, பின்னுக்கு 160 என்று நண்பர் சொன்னதும், அதையே நானும் சொல்லவிருந்தேன் என்றாராம். தேய்ந்தால் கழற்றித் திரும்ப எண்ணெய் விட்டுத் தரக்கூடிய தணிப்பான்கள் அவை. மூடி ஒட்டப்பட்டு, பழுதானால் எறியவேண்டியவை அல்ல. முதல் வாங்கியவற்றைவிட விலை சிறிது குறைவு.

புரட்டாதியில் அவற்றைப் பூட்டினார்கள். மகனும் வந்து உதவினானாம். வாகனத்தில் மாற்றம் செய்ததைக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டுமென்று அயலவர் நினைவூட்டியிருக்கிறார்; முதல் தடவை அதைக்கூட நண்பர் செய்யவில்லை. அந்த வளைவில் மோதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

2024 வைகாசியில் நான் மறுபடி போயிருந்தபோது அதே பாதையில், அதே வளைவில், ஏறக்குறைய அதே வேகத்தில் சென்றோம். பின்னிருக்கை இல்லாத காரென்பதால் நண்பரின் மனைவி பாலாவில் ஒரு தேநீர்க்கடையில் இருந்தார். பாலா வரை என்னுடைய இருக்கையில் வந்தவர் அவர்தான், நான் பஸ்ஸில் வந்தேன். அலையலையான தார் அப்படியே இருந்தது. கார் மூன்று தடவை மூச்சு விட்டதுபோல் ஏறி இறங்கி, கோட்டில் போனது. வளைவில் முன்னரைவிடச் சற்றுச் சாய்கிறது, அது உண்மை. அவரது வீதியிலுள்ள வேகத்தடையில் ஒருமுறை அடி உரசிவிட்டதென்று பின்னர் வளையத்தை இரண்டு சுற்று உயர்த்தினார். தணிப்பான் திருகி ஆறாவது சொடுக்கில் நிற்கவேண்டும் என்கிறார் நண்பர். நான்கே போதும் என்கிறார் அயலவர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பழைய சிவப்பு வில்களை விற்பதற்கு அவர் விளம்பரம் போட்டிருந்தார். நான் அங்கிருந்த நாட்களில் ஒருவர் தொலைபேசி எடுத்தார். தானும் இதே வகைக் கார் வைத்திருப்பதாகவும், முன்வில்கள் உடனே வேண்டுமென்றும் சொன்னார்.

"உங்கள் கார் எவ்வளவு நிறுக்கும்?" என்று நண்பர் கேட்டார். தெரியாது என்றார் அவர். வில்கள் இன்னும் கராஜில்தான் கிடக்கின்றன.